குடத்துக்குள் கல்யாணக் கூட்டம்

வால்தெருக் குழாய்த் தண்ணீரில் நல்லபெருமாள் அண்ணாச்சியின் முகம் தெரிய ஆரம்பித்தது ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில். முதலில் பார்த்தவள் பூமாரி. லோடு ஆட்டோ ஓட்டுகிற சுடலைமணியின் மனைவி, வயிற்றில் தலைப்பிள்ளை. குடம் நிறைந்து தளும்பியதும் தூக்கக் குனிந்தாள். அவளுடைய முகம் தெரிய வேண்டிய இடத்தில், மீசைக்கு மை போட்டு, நெற்றியில் சந்தனம் இட்டு, கல்யாண மண்டபத்து வாசலில் நின்று விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்போடு அண்ணாச்சியின் முகம் மிதந்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, தூக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவர் தள்ளாததால் அவரையும் சேர்த்தே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய், அந்தத் தண்ணீரில் அரிசி களைந்து உலை வைத்தாள் பூமாரி. சோறு எப்போதும் போலத்தான் வெந்தது.

அவளுக்குப் பின்னால் நின்றவர்களின் குடங்களிலும் அதே முகம்தான். இரட்டைமதகு நகராட்சியின் குடிநீர்க் குழாய் மலையடிவாரத்துத் தொட்டியில் புறப்பட்டு, ரத வீதிகளைச் சுற்றி, கடைத்தெருவைத் தாண்டி, நல்லபெருமாளின் மண்டபத்தைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு, நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் புகுந்து வந்து முடிகிற இடம் வால்தெரு. குழாய்க்கு வால் என்பதால் தெருவுக்கும் அந்தப் பெயர். மேல்தெருக்காரர்கள் குளித்து, துவைத்து, வாசல் தெளித்து, கார் கழுவி மிஞ்சியது மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் நூலாக வந்து சொட்டும் தெரு அது. ஆகவே குடத்துக்குள் யார் முகம் தெரிகிறது என்பதைவிடக் குடம் நிறைகிறதா என்பதுதான் அங்கே எல்லோருக்கும் கவலையாக இருந்தது. வீட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். சவரம் செய்கிற ஆண்கள் கிண்ணத்தில் அண்ணாச்சியின் தாடையைப் பார்த்துத் தங்கள் தாடையைக் கீறிக்கொண்டு பிறகு கண்ணாடி வாங்கினார்கள். பெண்கள் குளிக்கும் முன் வாளிக்குள் கை நிறைய வேப்பிலையைப் போட்டு அவர் கண்ணை மறைத்தார்கள். குழந்தைகள் தம்ளருக்குள் சுண்டைக்காய் அளவில் தெரிந்தவரை மடக்கென்று விழுங்கிவிட்டு, "மாமா உள்ள போயிட்டாரு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்கள்.

விஷயம் நல்லபெருமாளின் காதுக்குப் போனபோது அவர் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்திருந்த ஒன்று சற்றுத் தாமதமாக வந்தது போல ஏற்றுக்கொண்டார். வால்தெருவுக்கு வந்து, ஒவ்வொரு குடமாக எட்டிப் பார்த்து, "இதுல கொஞ்சம் கறுப்பாத் தெரியுதேன்" என்று ஒரு குடத்தை மட்டும் மாற்றச் சொன்னார். அடுத்த வாரம் பேருந்து நிலையத்தில் சுவரொட்டி முளைத்தது: தண்ணீரும் தாங்கும் தலைவா. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். குழாயடியில் பூக்கடை வந்தது, இளநீர்க் கடை வந்தது, செருப்பு வைக்க ஒரு கொட்டகை வந்தது. மேல்தெருக்காரர்களுக்கோ ஆற்றாமை. "வரியெல்லாம் நாங்க கட்டுதோம், முகம் மட்டும் வால்தெருவுக்கா?" என்று கேட்டு, எல்லா வார்டுக் குழாய்களிலும் பாகுபாடின்றி முகம் வழங்க வேண்டும் என்று நகராட்சிக்கு மனுக் கொடுத்தார்கள். பொறியாளர் தர்மசீலன் அந்த மனுவின் மேல் 'மதிப்பீடு தயாரிக்கவும்' என்று எழுதினார்.

அந்த மனு கண்ணில் பட்ட அன்றைக்குத்தான் ஜெசிந்தாவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

ஜெசிந்தா நகராட்சிக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் பகுப்பாய்வாளர். தூத்துக்குடிக்காரி. மாற்றலாகி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஊரில் அவளுக்குத் தண்ணி மேடம் என்று பெயர். அவள் வந்த நாளிலிருந்து தர்மசீலனிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வேண்டியது தொட்டியின் காலடியில் அல்ல, குழாயின் வாலில். தொட்டியில் நேற்றுக் கொட்டிய குளோரின் தொட்டித் தண்ணீரில் இருக்கத்தான் செய்யும். வழியெல்லாம் விரிசலும் ஒட்டும் கசிவுமாக வருகிற குழாயில், கடைசி வீட்டுத் தம்ளர் வரைக்கும் அது கொஞ்சமாவது மிஞ்சுகிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. விதியும் அதையே சொல்கிறது. ஆனால் தொட்டி அலுவலகத்துக்குப் பின்னாலேயே இருந்தது. வால்தெருவோ வெயிலில் வெகுதூரம் இருந்தது. அதனால் பரிசோதனைக் கூடம் திறந்த காலத்திலிருந்து இரட்டைமதகில் தொட்டித் தண்ணீர்தான் வாரந்தவறாமல் சோதிக்கப்பட்டு, வாரந்தவறாமல் தேறிக்கொண்டிருந்தது.

"ரிப்போர்ட்ல எல்லாம் லிமிட்டுக்குள்ளதான மேடம் இருக்கு?" என்றார் தர்மசீலன்.

"தொட்டி லிமிட்டுக்குள்ள இருக்கு சார். ஜனங்க தொட்டியில வாய வச்சா குடிக்காங்க?"

"அப்ப அந்த முகம்? அதுக்கு என்ன லிமிட்டு?"

ஜெசிந்தா குடிநீர்த் தரப் பட்டியலை மனதில் ஓட்டிப் பார்த்தாள். நிறத்துக்கு வரம்பு இருந்தது, வாசனைக்கு, கலங்கலுக்கு, உப்புக்கு, இரும்புக்கு, புளோரைடுக்கு எல்லாம் வரம்பு இருந்தது. மலக்கிருமிக்கு மட்டும் வரம்பே கிடையாது, ஒன்றுகூட இருக்கக் கூடாது. முகத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை, ஐஸ் பெட்டியும் கிருமி நீக்கிய பாட்டில்களுமாக அவளே வால்தெருவுக்குப் போனாள். பூமாரி வீட்டுக் குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, தீ காட்டி, தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பாட்டிலைப் பிடித்தாள். பாட்டில் நிறைய நிறைய அதற்குள் முகங்கள் வந்து இறங்கின. இந்தத் தடவை அண்ணாச்சி தனியாக இல்லை. மாலை போட்ட மாப்பிள்ளை, தலை குனிந்த பெண், பட்டுக்கோட்டு போட்ட மாமனார், வெற்றிலை மெல்லும் பெரிய மனிதர், யாரென்றே தெரியாத வெளியூர்ச் சனம், வாயில் லட்டு அடைத்திருந்த பிள்ளைகள், மேளக்காரர், வீடியோ எடுப்பவர் என்று ஒரு கல்யாணக் கூட்டமே நெருக்கியடித்துக்கொண்டு பாட்டிலின் கழுத்து வரைக்கும் நின்றது.

"முகூர்த்தம்னா இப்படித்தான் மேடம்" என்றாள் பூமாரி, சுவரில் சாய்ந்தபடி. "போன தடவை ரெட்டை முகூர்த்தம். குடத்துல தண்ணியே தெரியல, தலையாத் தெரிஞ்சுது."

ஜெசிந்தா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "கல்யாணம் இல்லாத வாரம்?"

"அண்ணாச்சியும் வாட்ச்மேனும் மட்டும்தான்."

ஜெசிந்தா சோதனைக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டாள். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை. இன்னொரு தரம் விட்டாள். மாப்பிள்ளையின் முகம் வெள்ளை வெளேரென்று அவளைப் பார்த்துச் சிரித்தது. மஞ்சள் வேறொரு இடத்தில் இருந்தது. அவள் எழுந்து பூமாரியின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"என்னது மேடம்? சாப்பாடு பிடிக்கல, அவ்வளவுதான். மசக்கைன்னு சொன்னாங்க."

"ஏழு மாசத்துல என்னம்மா மசக்கை? இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ. போறவரைக்கும் இந்தத் தண்ணியக் கொதிக்க வைக்காமத் தொடாத."

"அண்ணாச்சியவா கொதிக்க வைக்கச் சொல்லுதீங்க?" என்று கேட்டுச் சிரிக்கப் பார்த்த பூமாரிக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

அன்று பெரியாஸ்பத்திரியில் டாக்டர் விடுப்பு. சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கிருமி இருந்தால் கறுப்பாகிற சிறிய குப்பிகளைப் பரிசோதனைக் கூடத்தில் வரிசையாக வைத்துவிட்டு வந்திருந்தாள் ஜெசிந்தா. மறுநாள் போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு குப்பியும் மையைப் போலக் கறுத்திருந்தது. மாப்பிள்ளை, பெண், மாமனார் எல்லோரும் அந்தக் கறுப்புக்குள் அமிழ்ந்து போயிருந்தார்கள். தொட்டித் தண்ணீர்க் குப்பி மட்டும் யாருடைய முகமும் இல்லாமல் தெளிவாக நின்றது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பம்பு நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே வெளியில் தேங்கி நிற்பதை அது உறிஞ்சிக்கொள்ளும். மண்டபத்துக்கும் வால்தெருவுக்கும் நடுவில் எங்கோ, கல்யாணத்துக்கு வந்தவர்கள் கழித்ததும் கழுவியதும் குடிநீர்க் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. போனவர்கள் முகத்தோடு வந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதிய அறிக்கையைத் தர்மசீலனின் மேசையில் வைத்து, பாலத்துக்கடியில் தோண்டிப் பார்க்கச் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டுப் பொறுமையாக விளக்கினார். குழாய் நகராட்சியுடையது, அதில் அவருக்கு மறுப்பில்லை. ஆனால் பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது, பாலத்துக்கடியில் போகிற ஓடை பொதுப்பணித் துறையுடையது, ஓடைக் கரையில் நிற்கிற கழிவுத் தொட்டி மண்டபத்துடையது, மண்டபம் நல்லபெருமாளுடையது, நல்லபெருமாள் நகரமன்றத் தலைவி விசாலாட்சிக்குச் சம்பந்தி முறை. தோண்ட வேண்டுமென்றால் நெடுஞ்சாலைத் துறை அனுமதிக்க வேண்டும், அவர்கள் அனுமதிக்க வேண்டுமென்றால் பொதுப்பணித் துறை ஆட்சேபிக்கக் கூடாது, அவர்கள் ஆட்சேபிக்காமலிருக்க வேண்டுமென்றால் மன்றம் தீர்மானம் போட வேண்டும், மன்றம் தீர்மானம் போட வேண்டுமென்றால் குழாயில் கசிவு இருப்பது நிரூபணமாக வேண்டும், நிரூபணமாக வேண்டுமென்றால் தோண்டிப் பார்க்க வேண்டும்.

"தோண்டத்தான சார் சொல்லுதேன்!"

"அதுக்குத்தான மேடம் அனுமதி வேணும்ங்கேன்!"

சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. கோட்டுப் போட்டவர்களும் போடாதவர்களுமாகக் குழாயடியில் நின்று, குடங்களைப் படம் பிடித்து, முகங்களின் நீள அகலத்தை அளந்து, முகம் கரைகிற பொருளா மிதக்கிற பொருளா என்று தர்க்கம் பண்ணினார்கள். ஜெசிந்தா கறுத்த குப்பிகளை அவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். குழுத் தலைவர் கனிவாக, "இது எல்லா ஊர்லயும் இருக்கறதுதானேம்மா, இதுல என்ன புதுசு?" என்றார். முகத்துக்கு வரம்பு நிர்ணயிக்கப்படாத நிலையில் முகத்தை மாசு என்று கருத இயலாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்துக் கிளம்பினார்கள்.

நகரமன்றக் கூட்டம் கூடியது. ஜெசிந்தா வால்தெருத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தாள். முந்தின நாள் முகூர்த்தம், ஆகவே குடுவையில் கூட்டம். அவள் எழுந்து நின்று, குழாயில் வெற்றிடம் எப்படி உண்டாகிறது, அது எதை உறிஞ்சுகிறது, வால்தெருவில் வீட்டுக்கு வீடு கண் மஞ்சளாகியிருப்பது ஏன் என்று ஒன்றொன்றாகச் சொன்னாள். கடைசியில், சுற்றி வளைத்துப் பேசி அலுத்துப்போய், "முகம் தெரியுதுன்னா அந்த ஆளோட மலம் அந்தக் குடத்துல இருக்குன்னு அர்த்தம்" என்றாள்.

மன்றம் முகம் சுளித்தது, மலத்தைக் குறித்து அல்ல, அவள் அந்தச் சொல்லைச் சொன்னதைக் குறித்து.

"கல்யாண வீட்டுத் தண்ணி, மங்களகரமான தண்ணி" என்றார் ஓர் உறுப்பினர். "பொம்பளைப் பிள்ளை பேசுத பேச்சா இது?"

"எங்க மருமகன் முகம்லா இதுல இருக்கு" என்று குடுவையைக் கிட்டத்தில் இழுத்தார் தலைவி விசாலாட்சி. முந்தின நாள் கல்யாணம் அவருடைய மகளுடையது. "பாருங்களேன், நேர்ல பாக்கறத விட அம்சமா இருக்காரு." பாசத்தோடு அதைத் தம்ளர்களில் ஊற்றச் சொன்னார். ஜெசிந்தா மேசையைத் தாண்டி ஓடி வருவதற்குள், "குடிக்காதீங்க! ஐயோ, குடிக்காதீங்க!" என்று அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே, உறுப்பினர்கள் எழுந்து நின்று, கண்ணை மூடி, அண்ணாந்து குடித்தார்கள். சிலர் மீதியைத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். பிறகு வால்தெருக் குழாயடியில் பார்வையாளர் கூடம் கட்டத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்த மாதம் மன்றத்தில் பாதிப்பேர் மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். அதனால் ஒரு நன்மையும் விளையவில்லை. கோரத்துக்குப் போதிய உறுப்பினர்கள் இல்லாமல் கூட்டம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். கீழாநெல்லி அரைக்கிறவருக்கு நல்ல வியாபாரம்.

வால்தெருவில் ஆவுடைத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். பீடி சுற்றுகிறவள். அவள் புருஷன் குத்தாலம் ஒரு பண்டிகைக்குத் துணி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் பல வருஷமாகத் திரும்பவில்லை. செத்துவிட்டான் என்று சிலரும் கேரளாவில் இருக்கிறான் என்று சிலரும் சொன்னார்கள். தலைவி வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் பருப்புக் களைய ஏனத்தில் தண்ணீர் ஊற்றிய ஆவுடைத்தாய், கூட்டத்தின் பின்வரிசையில், தலையில் துண்டு கட்டி, புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற ஒரு முகத்தைப் பார்த்தாள். ஏனத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தரம் பார்த்தாள். பருப்பை அப்படியே வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மண்டபத்தின் பின்கட்டுக்கு நடந்தாள். அங்கே சமையல்காரர் குழுவோடு அண்டா விளக்கிக்கொண்டிருந்தான் குத்தாலம்.

"துணி எடுத்தாச்சா?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

அவன் அண்டாவைப் போட்டுவிட்டு எழுந்தான். ஓடப் பார்த்தான். அவள் ஓடவில்லை, சும்மா நின்றாள். அவன் சுவர் வரைக்கும் ஓடிவிட்டு, தானாகத் திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்றிலிருந்து அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொடுத்தான். உள்ளே வரச் சொல்லி அவள் கூப்பிடவில்லை. இதையும் வால்தெரு சாதாரணமாக எடுத்துக்கொண்டது. ஊரெல்லாம் இதைத் தண்ணீரின் மகிமை என்று பேசியது. வேறு சில பெண்களும் தொலைந்தவர்களைத் தேடி வெளியூர்களிலிருந்து வந்து அடுத்தவர் வீட்டுக் குடங்களில் எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்கிற தண்ணி மேடத்தின்மேல் எல்லோருக்கும் கோபம் வந்தது. பரிசோதனைக் கூடத்து ஜன்னலில் கல் விழுந்தது.

அந்த வாரம் ஒரு மத்தியானத்தில் பூமாரி நினைவு தப்பினாள்.

சுடலைமணி லோடு ஆட்டோவில் சாக்கு விரித்து அவளைக் கிடத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். உடம்பெல்லாம் மஞ்சள், நகமெல்லாம் மஞ்சள். கர்ப்பிணிகளுக்கு வருகிற காமாலை மற்றவர்களுக்கு வருவதைப் போல அல்ல, ஈரலைத் தின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். பிள்ளை செத்துப் பிறந்தது. பூமாரி பிழைப்பாளா என்பதை யாரும் சொல்லத் துணியவில்லை. ஜெசிந்தா ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்றாள். சுடலைமணி அவளைப் பார்த்து அழவில்லை. "நீங்க அன்னைக்கே சொன்னீங்க மேடம். நான்தான் அவ கைல ரெண்டு குடம் சேத்துப் பிடிக்கச் சொன்னேன், பாக்க வாரவங்களுக்குத் தம்ளர்ல விக்கலாம்னு" என்று மட்டும் சொன்னான்.

ஜெசிந்தா ஆஸ்பத்திரியை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து, மலையடிவாரத்துப் பம்பு அறைக்குப் போனாள். காவலுக்கு இருந்தவர், "மேடம், உங்களுக்கு இங்க அதிகாரம் கிடையாதே" என்றார். "கிடையாது" என்று ஒப்புக்கொண்டு, வால்தெருப் பக்கம் போகிற வால்வின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றி, கை தோல் உரிந்து, இனிச் சுற்றாது என்கிறவரை சுற்றி அடைத்தாள். பிறகு வால்தெருவுக்குப் போனாள். குடங்களோடு நின்றிருந்தவர்கள் அவளைத் திட்ட வாயைத் திறந்தார்கள். அவள் பூமாரியின் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். குடங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின.

முதலில் பேசியது, அந்தத் தெருவில் யாரும் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளாத குத்தாலம்.

"அந்த மண்டபத்து கக்கூஸ் தொட்டிக்கு அடிப்பாகம் கிடையாது மேடம்" என்றான், இலை வெட்டுவதை நிறுத்தாமல். "நிறைஞ்சா நாறும்னு பின்பக்கமா ஒரு குழாய் போட்டு ஓடைக்குள்ள விட்டிருக்காங்க. எச்சிலை கழுவுத தண்ணியும் அங்கதான் போவும். பாலத்துக்குக் கீழ ஒரு இரும்புக் குழாய் கிடக்கும். அதுமேலதான் எல்லாம் விழும்."

ஆவுடைத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இத இத்தன நாளும் வச்சுக்கிட்டா உக்காந்திருந்த?"

"யாரும் கேக்கல."

அவள் உள்ளே போய் ஒரு மண்வெட்டியை எடுத்து வந்து அவன் காலடியில் போட்டாள். இன்னொன்றைத் தானே தோளில் வைத்துக்கொண்டாள். வால்தெரு முழுக்க எழுந்து பின்னால் போனது. உச்சி வெயிலில், பாலத்துக்கடியில், எந்தத் துறையின் அனுமதியும் இல்லாமல், ஆணும் பெண்ணுமாக மூக்கில் துணி கட்டிக்கொண்டு தோண்டினார்கள். அள்ள அள்ளக் கறுத்த சேறு வந்தது. சேற்றுக்கு அடியில் குடிநீர்க் குழாய் வந்தது. இரண்டு குழாய்கள் சேருகிற ஒட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. யாரோ ஒருகாலத்தில் அதற்குள் கோணிச்சாக்கைத் திணித்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். சாக்கு மக்கிக் கயிறு மட்டும் மிச்சம்.

குழியில் ஊறிய தண்ணீரில் முகங்கள் எழுந்தன. அந்த மண்டபத்தில் கல்யாணம் கட்டியவர்கள், கட்டி வைத்தவர்கள், மொய் எழுதியவர்கள், பந்தியில் இடம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போனவர்கள் எல்லோரும் அடுக்கடுக்காக நின்றார்கள். முன்வரிசையில் அண்ணாச்சி.

அதற்குள் சேதி எட்டி, காரில் வந்து இறங்கினார் நல்லபெருமாள். யாரைக் கேட்டுத் தோண்டினீர்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டே கரைக்கு வந்தவர், குழிக்குள் பார்த்ததும் நின்றார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்றே ஜெசிந்தா நினைத்தாள்.

"அடேயப்பா" என்றார் அவர். "இவ்வளவு துல்லியமா நான் எந்தக் குடத்துலயும் தெரியலையே! யாராவது ஒரு போட்டோ எடுங்கப்பா."

ஜெசிந்தா குழிக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆவுடைத்தாய்தான் சேறு வழிகிற மண்வெட்டியோடு குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, தெரியுதது உங்க மூஞ்சி. செத்தது எங்க தெருப் பிள்ளை. போட்டோவுல ரெண்டும் விழுமா?"

நல்லபெருமாள் அவளைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், அவர்கள் கைகளிலிருந்த மண்வெட்டிகளைப் பார்த்தார். திரும்பிப் போய்க் காரில் ஏறிக்கொண்டார். அன்று மாலைக்குள் மண்டபத்தின் பின்குழாயைச் சிமெண்டு வைத்து அடைத்தது அவருடைய ஆட்களேதான்.

தோண்டியாகிவிட்டதால் நகராட்சியே வேறு வழியில்லாமல் அந்த ஒட்டுப் பகுதியை மாற்றி, ஓடைக்கு மேலே தூக்கிக் குழாயைப் போட்டு, குளோரின் விட்டுக் கழுவி, வால்வைத் திறந்தபோது வால்தெருவில் தண்ணீர் வந்தது. அதில் ஒருவர் முகமும் இல்லை. அவரவர் குடத்தில் அவரவர் முகம். இரட்டைமதகு அதை இழப்பாகத்தான் எடுத்துக்கொண்டது. பூக்கடையும் இளநீர்க் கடையும் போயின. பாதி கட்டிய பார்வையாளர் கூடத்தில் ஆடு கட்டினார்கள். ஒரு துப்புக்கெட்ட அதிகாரி ஊரின் மகிமையை அடைத்துவிட்டாள் என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். அதிகாரம் இல்லாமல் வால்வில் கை வைத்ததற்காக ஜெசிந்தாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அதைக் கொடுத்த தர்மசீலன், "நான் அப்பவே சொன்னேன்லா மேடம், ரிப்போர்ட் எல்லாம் லிமிட்டுக்குள்ளதான இருந்துச்சு" என்று வருத்தப்பட்டார்.

அவள் உத்தரவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு, வால்தெருவுக்குப் போனாள்.

பூமாரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். வாசல்படியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். முன்தினம் எடுத்துப் போன தண்ணீர் குப்பிகளில் கறுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் ஜெசிந்தா வந்தாள். சொட்டு மருந்து விட்டபோது சோதனைக் குழாய் வெளிறிய மஞ்சளாக மாறியதையும் காட்டினாள். பூமாரிக்கு அந்த நிறத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டாள். "இல்லம்மா, இது நல்ல மஞ்சள்" என்றாள் ஜெசிந்தா. "இப்பக் குடிக்கலாம்."

சுடலைமணி குடத்தைக் கொண்டுவந்து மனைவியின் முன்னால் வைத்தான். அவள் எட்டிப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, உதடு வெடித்த ஒரு பெண் கீழேயிருந்து அவளைப் பார்த்தாள். பூமாரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாரு மேடம் இது? இவளும் கல்யாணத்துக்கு வந்தவளா?" என்று கேட்டாள்.

சுடலைமணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஜெசிந்தா படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தலையையும் குடத்துக்கு மேல் நீட்டினாள். தண்ணீரில் இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். ஒருத்தி கண்ணாடி போட்டிருந்தாள். அந்தக் கண்ணாடிக்காரியைப் பூமாரிக்கு அடையாளம் தெரிந்தது. அதன் பிறகுதான் மற்றவளையும் தெரிந்தது.

அவள் தம்ளரை முக்கி எடுத்தாள். வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நாளைக்கு ஒருக்க வந்து பாப்பீங்களா மேடம்? நாளைக்கும் நல்லாருக்குன்னா குடிக்கேன்."

தண்ணீரைச் சோதித்துப் பார் என்று ஜெசிந்தாவிடம் அவளுடைய சர்வீஸில் ஒருவரும் கேட்டதில்லை. பரிசோதனைக் கூடத்துச் சாவியை அன்று மாலை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. புதிய ஊரில் நாளைக் காலை சேர வேண்டும் என்றும் இருந்தது.

"வாரேன்" என்றாள்.

சாவி அவளிடமே இருந்தது. மறுநாள் காலை, குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு, அவள் வந்தாள்.